தகட்டு வீட்டின் வெப்பமும் ஓசையும் ஈரமும்

கேம்பர் வேன் என்று நாம் சொல்வது பெரும்பாலும் சரக்கு ஏற்றுவதற்காகப் பிறந்த வண்டி. ஃபியட் டுகாட்டோ, மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர், ஃபோர்டு டிரான்சிட் என்று ஐரோப்பியச் சாலைகளில் ஓடும் எந்தப் பெட்டி வேனை எடுத்தாலும், அதன் பின்பகுதி ஒரு மில்லிமீட்டர் கனத்தை எட்டாத எஃகுத் தகடும், அந்தத் தகட்டை நிமிர்த்தி நிறுத்தும் மடிப்பு விலாக்களும்தான். சரக்குக்கு அது போதும். அதே பெட்டிக்குள் இரண்டு பேர் படுத்து உறங்குவது என்று முடிவானதும் மூன்று தொல்லைகள் ஒன்றாக வந்து சேருகின்றன. குளிரோ வெயிலோ தகட்டின் வழியே நேராக உள்ளே வருகிறது. சாலையின் இரைச்சலும் மழையின் தாளமும் அந்தத் தகட்டிலேயே பெருகுகின்றன. உறங்குகிறவர்களின் மூச்சு அதே தகட்டில் நீராகப் படிகிறது.

1951இல் ஜெர்மனியின் வீடன்புரூக் ஊரில் இருந்த வெஸ்ட்ஃபாலியா நிறுவனம், ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் வைத்து எடுக்கக்கூடிய ‘கேம்பிங் பாக்ஸ்’ என்ற மரச்சாமான் தொகுப்பைச் செய்தபோது, கோடை விடுமுறைதான் அதன் நோக்கம். இன்று அதே வகை வேன்களில் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் ஜனவரி மாதத்தைக் கழிக்கிறார்கள். வாடகை கொடுத்து மாளாமல் ஆண்டு முழுவதும் வேனிலேயே குடியிருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு இது பொழுதுபோக்கு வேலை இல்லை. உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம். அதனால்தான் இந்தத் துறையில் புழங்கும் அரைகுறை அறிவுரைகள் எனக்குக் கவலை தருகின்றன. ஒரே சுருளைக் காட்டி வெப்பத்துக்கும் இதுதான், சத்தத்துக்கும் இதுதான் என்று விற்கிறார்கள். வெப்பம், ஓசை, ஈரம் மூன்றும் வெவ்வேறு விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. ஒன்றுக்கு மருந்தானது இன்னொன்றுக்கு வினையாகிவிடலாம். பொருளை வாங்குவதற்கு முன் வழியைப் பார்க்க வேண்டும் என்பதே என் கட்சி. வெப்பம் எந்த வழியாகப் போகிறது, ஓசை எந்த வழியாக வருகிறது, மூச்சில் வெளியேறும் நீர் எங்கே போய் நிற்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

வெப்பத்தில் தொடங்குவோம். எஃகின் வெப்பக் கடத்துதிறன், மீட்டருக்கு டிகிரிக்குச் சுமார் 50 வாட். ஃபோம் வகைகளுக்கு அது 0.035 அளவில் இருக்கும். ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு. வெறும் தகட்டுச் சுவரில் ஏதாவது தடை இருக்கிறதென்றால், தகட்டின் இரு பக்கமும் ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப் படலம் தருவதுதான். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால், அந்தச் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும் ஏறத்தாழ 6 வாட் வெளியேறும். 20 மி.மீ. ஃபோம் ஒட்டினால் அது 1.35 வாட்டாக இறங்கும். இன்னும் 20 மி.மீ. சேர்த்தால் 0.76 ஆகும். அதற்கும் மேல் 20 மி.மீ. போட்டால் 0.53. முதல் அடுக்கு நாலரை வாட் மிச்சப்படுத்தியது, இரண்டாவது அரை வாட்டுக்குச் சற்று மேல், மூன்றாவது கால் வாட்கூட இல்லை. டுகாட்டோவின் உள் அகலம் அதிகபட்சம் 1.87 மீட்டர். பலரும் அதில் குறுக்கே படுப்பவர்கள். இரண்டு பக்கமும் 60 மி.மீ. தடித்தால் 1.75 மீட்டர்தான் மிஞ்சும். சராசரி உயரமுள்ள ஆணுக்கே கால் நீட்ட இடமிருக்காது. கனத்தைக் கூட்டிக்கொண்டே போவதில் பலனில்லை என்பதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

கனத்தைவிடப் பெரிய விஷயம் விலாக்கள். விலாக்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் மட்டும் பஞ்சையோ பலகையோ அடைத்துவிட்டு, விலாவின் எஃகு முகத்தை அப்படியே விட்டு, அதன் மேல் ப்ளைவுட்டைத் திருகிவிடுகிறார்கள். சுவரில் ஐந்தில் ஒரு பங்கு இப்படி வெறுமையாக இருப்பதாக வைத்துக்கொண்டு, உள் பலகையைச் சேர்க்காமல் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பள்ளங்களில் 60 மி.மீ. அடைத்து விலாவை வெறுமையாக விட்டால் சராசரி இழப்பு 1.6 வாட். பள்ளங்களில் 20 மி.மீ. மட்டும் ஒட்டி, விலாக்களின் மேல் 10 மி.மீ. போர்த்தினால் 1.5 வாட். மூன்றில் ஒரு பங்கு கனத்தில் அதைவிட நல்ல சுவர். விலாவை மூடுவது சலிப்பான வேலை; கத்தியும் பசையுமாக வளைவு வளைவாக வெட்டி ஒட்ட வேண்டும். ஆனால் வேலையின் பலன் இருப்பதே அங்கேதான்.

கண்ணாடிகளும் அப்படியே. ஓட்டுநர் பகுதியின் முன்கண்ணாடியும் பக்கக் கண்ணாடிகளும் வெறும் தகட்டின் அளவுக்கே வெப்பத்தை விடுகின்றன. பின்னால் எவ்வளவு பாடுபட்டாலும், இரவில் முன்பக்கத்துக்கு ஒரு மெத்தைத் திரை போடாவிட்டால் பாதி உழைப்பு வீண். கண்ணாடிக்கு வெளியே போடும் திரையே மேல். கண்ணாடி குளிராமல் இருப்பதால் அதில் நீர் படியாது. ஐரோப்பியத் தரநிர்ணயமான ஈ.என். 1646, வீட்டு வேன்களை வெப்பக்காப்பின்படி வகை பிரிக்கிறது. மூன்றாம் தரம் பெற, கண்ணாடி உட்படச் சராசரி இழப்பு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு, சதுர மீட்டருக்கு 1.2 வாட்டைத் தாண்டக் கூடாது. வெளியே மைனஸ் 15 டிகிரி இருக்கும்போது உள்ளே 20 டிகிரிக்குக் கொண்டுவர முடிய வேண்டும். இரண்டாம் தரத்துக்கு 1.7 வாட், வெளியே பூஜ்ஜியம் டிகிரி. கையால் செய்யும் வேன் இரண்டாம் தரத்தை எட்டினாலே நல்ல வேலை என்பேன்.

பொருள்களில் எனக்கு முதல் தேர்வு கறுப்பு ரப்பர் ஃபோம். ஸ்பிளிட் ஏசியின் செப்புக் குழாய்மேல் கறுப்பாகப் போர்த்தியிருக்கிறதே, அதே இனம். ஆர்மாஃப்ளெக்ஸ் என்ற பெயரில் 1954 முதல் குளிர்நீர்க் குழாய்களுக்காகவே வந்துகொண்டிருப்பது. அதன் அறைகள் ஒவ்வொன்றும் மூடியவை. நீராவி எளிதில் ஊடுருவாது. வளைத்த இடத்தில் வளையும். பசைப் பின்புறத்தோடு தகட்டில் காற்றிடைவெளி இல்லாமல் அப்பிக்கொள்ளும். விலை அதிகம் என்பது உண்மை. தரைக்கு எக்ஸ்.பி.எஸ். என்ற பாலிஸ்டைரின் பலகை பொருத்தம், மிதித்தால் நசுங்காது. அதையே கூரையில் ஒட்டுவது சரியில்லை. கறுப்பு அல்லது கரும்பச்சை வண்ணம் பூசிய கூரைத் தகடு வெயிலில் 70 டிகிரியைத் தாண்டும். பாலிஸ்டைரின் இளகத் தொடங்குவது அந்த அளவில்தான். போதாக்குறைக்கு, வண்டி குலுங்கும்போது தகட்டில் உரசிக் கிறீச்சிடும். பாலிஐசோ பலகை கனத்துக்குக் கனம் மிக நல்ல காப்பு, ஆனால் வளையாது. வளைந்த சுவரில் அதை வைத்தால் பின்னால் காற்றுப்பை உருவாகும்.

ஸ்பிரே ஃபோம் பற்றி எச்சரிக்கையாகவே சொல்ல வேண்டும். பள்ளம் மேடு எல்லாவற்றையும் நிரப்பிவிடும் என்பது அதன் பலம். விரியும் வேகத்தில் மெல்லிய தகட்டை வெளியே உப்ப வைத்துவிடும், அடித்தளத்தின் வடிகால் துளைகளை அடைத்துவிடும், பின்னால் ஒரு ஒயரை மாற்ற வேண்டுமென்றால் உளியோடு உட்கார வேண்டும் என்பவை பலவீனங்கள். தெளிக்கும்போது எழும் ஐசோசயனேட் ஆவி நுரையீரலுக்கு நஞ்சு. தகுந்த முகக்கவசம் இல்லாமல் தொடவே கூடாத வேலை. வெள்ளிநிறக் குமிழித் தாளுக்கோ, தகட்டோடு ஒட்டி வைத்தால் ஏறக்குறைய எந்த வேலையும் இல்லை. அலுமினியப் பரப்பு வெப்பக் கதிரைத் திருப்பியனுப்ப அதன் முன்னால் காற்றிடைவெளி வேண்டும். ஜன்னல் திரையாக அது நல்ல சரக்கு, சுவரில் பணவிரயம்.

ஆட்டுரோமம் தனி வகை. தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. காற்று உலரும்போது திருப்பித் தந்துவிடும். ஓசையையும் விழுங்கும். வேலை செய்கிறவரின் கைக்கும் மூச்சுக்கும் இதமானது. பூச்சி அரிக்காதபடி பக்குவப்படுத்தியதாக இருக்க வேண்டும். இதை விரும்புகிறவர்களுக்கும் ரப்பர் ஃபோம்காரர்களுக்கும் நடக்கும் வாக்குவாதத்தில் உண்மையான கேள்வி பொருளைப் பற்றியதே இல்லை, நீரைப் பற்றியது.

உறங்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலுமாக மணிக்குச் சுமார் 40 கிராம் நீரை வெளியேற்றுகிறார். இரண்டு பேர், எட்டு மணி நேரம் என்றால் அறுநூறு கிராமுக்கு மேல். டுகாட்டோ போன்ற வேனின் உள்ளே சுமார் 11 கன மீட்டர் காற்று இருக்கிறது. 20 டிகிரியில் அந்தக் காற்று முழுவதும் சேர்ந்து தாங்கக்கூடிய அதிகபட்ச நீராவி 190 கிராம்தான். மிச்ச நீர் எங்கே போகும்? உள்ளே எது மிகக் குளிர்ந்திருக்கிறதோ அதில் போய்ப் படியும். 20 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றுக்கு 12 டிகிரியே பனிநிலை, அதாவது நீர் படியத் தொடங்கும் வெப்பநிலை. பனிக்கால இரவில் வெறும் விலா அதற்கு வெகு கீழே இருக்கும். உள்ளே கேஸ் அடுப்பில் சமைத்தால் கேட்கவே வேண்டாம். ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேலே நீராவி பிறக்கிறது.

வீடு கட்டும் துறையிலிருந்து வந்த யோசனை, உட்பக்கம் ஒரு பாலிதீன் தாளை இழுத்துக் கட்டி நீராவி சுவருக்குள் போகாமல் தடுப்பது. வேனில் இது சரிப்பட்டு வருவதில்லை. நூற்றுக்கணக்கான திருகுகள், ஒயர்கள், கதவு விளிம்புகள் எல்லாம் அந்தத் தாளைத் துளைக்கின்றன. துளை வழியே நுழைந்த ஆவிக்கு வெளியேற வழி கிடையாது. வெளிப்பக்கம் எஃகு, உட்பக்கம் பாலிதீன். நடுவில் கண்ணாடிப் பஞ்சு இருந்தால் அது நனைந்து, கனத்துச் சரிந்து கீழே தங்கும். சில குளிர்காலங்கள் கழித்து உள் பலகையைக் கழற்றினால் முதலில் ஊசிய வாடை வரும். பஞ்சின் அடிவரிசை கறுத்திருக்கும். அதை விலக்கினால் தகட்டின் மடிப்பு ஓரத்தில் செந்நிறப் பொடி விரலில் ஒட்டும். துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வருவதால், வெளியில் பெயின்ட் கொப்பளிக்கும்வரை யாருக்கும் தெரியாது.

ஆகவே இரண்டு வழிகளே நியாயமானவை. தகட்டோடு இடைவெளியின்றி ஒட்டிய மூடிய அறை ஃபோம். ஆவி தகட்டை எட்டவே எட்டாது. அல்லது ரோமம் போன்ற மூச்சுவிடும் பொருள், பின்னால் தாள் எதுவும் இல்லாமல், உள்காற்றோடு தொடர்பில். பகலில் உலர அதற்கு வாய்ப்புத் தர வேண்டும். பாதி இது பாதி அது என்று செய்வதுதான் கெடுதல். எந்த வழியில் போனாலும் காற்றோட்டம் இல்லாமல் தப்ப முடியாது. இதில் ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். வெளியே பூஜ்ஜியம் டிகிரி, உள்ளே 18 டிகிரி என்ற நிலையில், இருவரின் மூச்சு நீரை வெளியேற்ற மணிக்குச் சுமார் 15 கன மீட்டர் புதுக்காற்று போதும். அந்தக் காற்றைச் சூடாக்க ஆகும் செலவு 100 வாட்டுக்கும் குறைவு. உறங்கும் இருவரின் உடலே அதைவிட அதிக வெப்பத்தைத் தருகிறது. குளிருக்குப் பயந்து கூரைத் திறப்பை அடைக்கிறவர்கள், இந்த அற்ப மிச்சத்துக்காகத்தான் வேனைத் துருவுக்கு ஒப்புக்கொடுக்கிறார்கள். கேஸோ டீசல் ஹீட்டரோ இருக்கும் வேனில் திறப்பை அடைப்பது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் அதில் ஒரு இரவுகூடப் படுக்கக் கூடாது.

இனி ஓசை. காலியான வேனின் பக்கத் தகட்டை நடுவில் முட்டியால் தட்டிப் பாருங்கள். ‘டங்ங்’ என்று ஒலித்து, கை எடுத்த பிறகும் நடுங்கும். உள்ளங்கை அகலத்தில் ஒரு பியூட்டைல் பட்டையை அதே இடத்தில் ஒட்டி, உருளையால் அழுத்தித் தேய்த்துவிட்டு மறுபடி தட்டினால், ‘டொக்’ என்று அங்கேயே செத்துவிடும். பியூட்டைல் ஒரு பக்கம் தகட்டையும் மறுபக்கம் அலுமினியத் தாளையும் பிடித்திருக்கிறது. தகடு வளையும்போது நடுவிலிருக்கும் பசைப்பொருள் இருபக்கமும் இழுபட்டு, அதிர்வின் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடுகிறது. இந்த இழுபடும் அடுக்கின் கணிதத்தை 1959இல் எட்வர்ட் கெர்வின் எழுதினார். விமானத் தகடு முதல் காரின் கதவு வரை எல்லாம் அதைத்தான் பின்பற்றுகின்றன. முழுத் தகட்டையும் மூட வேண்டிய அவசியமில்லை. அதிகம் அதிரும் நடுப்பகுதியில், பரப்பில் கால் முதல் பாதி வரை ஒட்டினால் பெரும்பலன் கிடைத்துவிடும். மலிவான தார்ப் பட்டை வேண்டாம். வெயிலில் இளகி நாறும்.

அதிர்வைக் கொல்வது வேறு, வெளி ஓசையைத் தடுப்பது வேறு. பட்டை ஒட்டியதும் மழையின் தாளமும் தகட்டின் உறுமலும் அடங்கும். பக்கத்தில் நிற்கும் லாரியின் இன்ஜின் அடங்காது. காற்றில் வரும் ஓசையைத் தடுக்க எடை வேண்டும்; எடையை இருமடங்காக்கினால்தான் 6 டெசிபல் குறையும். வேனின் தகடு சதுர மீட்டருக்குச் சுமார் 6 கிலோ. சுவர், கூரை, தரை என்று 30 சதுர மீட்டர் வைத்தால், அந்த 6 டெசிபலுக்கு ஏறக்குறைய 180 கிலோ ஏற்ற வேண்டும். சாதாரண கார் உரிமத்தில் ஐரோப்பாவில் ஓட்டக்கூடிய வேனின் மொத்த எடை பொதுவாக 3,500 கிலோதான். கட்டில், பேட்டரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். எனவே கனமான வினைல் விரிப்பைத் தரையிலும் சக்கர மேடுகளிலும் மட்டும் போடுவதே புத்திசாலித்தனம். ஓடும்போது டயரின் இரைச்சல் அந்த வழியாகத்தான் மேலே வருகிறது.

மூன்றாவது, உறிஞ்சுதல். பஞ்சும் ரோமமும் இதைச் செய்யும். மூடிய அறை ஃபோம் செய்யாது, ஏனென்றால் காற்று அதற்குள் நுழையவே முடியாது. ஆர்மாஃப்ளெக்ஸை ஒட்டிவிட்டு ஒலித்தடுப்பும் முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். பஞ்சுக்கும் எல்லை உண்டு. 100 ஹெர்ட்ஸ் உறுமலின் அலைநீளம் மூன்றரை மீட்டர், 25 மி.மீ. பஞ்சு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பேச்சுக்குரலும் டயரின் சீறலும் மட்டுமே அதில் அடங்கும். இரட்டைச் சுவர் என்ற முறையில் தகடு, இடைவெளி, ப்ளைவுட் மூன்றும் சேர்ந்து நல்ல தடையாக வேலை செய்யும். ஆனால் சாதாரண அளவுகளில் 200 ஹெர்ட்ஸை ஒட்டித் தகடும் ப்ளைவுட்டும் சேர்ந்தே ஆடும், அதற்கு மேலேதான் பலன். இடைவெளியைக் கெட்டியான ஸ்பிரே ஃபோம் நிரப்பிவிட்டால் இரண்டு தகடுகளும் ஒட்டி ஒரே தகடாகிவிடும். வெப்பத்துக்கு நல்லது, ஓசைக்குக் கேடு. முன்னே சொன்ன முரண்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

எல்லாவற்றையும்விடச் செலவு குறைந்தது ஓட்டைகளை அடைப்பது. ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதிச் சுவர் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் மொத்தத் தடை 20 டெசிபலைத் தாண்டாது. சறுக்குக் கதவின் தேய்ந்த ரப்பர், பின்கதவுப் பூட்டின் துளை, பெடல்களுக்குப் பின்னால் ஒயர்கள் நுழையும் இடம் ஆகியவற்றைச் சீர்செய்த பிறகே வேறெதையும் வாங்க வேண்டும். ஈரத்துக்காகத் திறந்து வைத்த காற்றுவழி இந்த விதிக்குள் மாட்டுகிறது. அதைத் திறந்த அறை ஃபோம் பூசிய வளைந்த குழாயாக அமைத்தால் காற்று வரும், ஓசை சுவரில் மோதி மோதித் தேயும். தொழிற்சாலைகளில் செய்கிற வேலைதான். வேனில் செய்கிறவர்கள் குறைவு.

வெப்ப நாட்டுக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது. 2021இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கெனக் கொள்கை அறிவித்த பிறகு, ஃபோர்ஸ் டிராவலர் போன்ற வண்டிகளைப் படுக்கையோடு மாற்றும் பேச்சு நம் பக்கமும் வளர்ந்திருக்கிறது. பஸ் பாடி கட்டுவதில் பெயர்பெற்ற கரூர் இருக்கும் மாநிலத்தில் இதற்கான கைத்திறமைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஐரோப்பியக் குறிப்புகளை அப்படியே எடுத்துக்கொண்டால் பிசகிவிடும். இங்கே முதல் எதிரி கூரைமேல் விழும் வெயில். நடுப்பகலில் சதுர மீட்டருக்கு 1,000 வாட் அளவில் இறங்கும் கதிரில், கரும்பூச்சு ஏறத்தாழ முழுவதையும் வாங்கிக்கொள்ளும். வெள்ளைப் பூச்சு பெரும்பகுதியைத் திருப்பிவிடும். எந்த ஃபோமையும் ஒட்டுவதற்கு முன் கூரை வெள்ளையாக இருக்க வேண்டும். கூரைக்கு 40 மி.மீ. வரை கொடுப்பது இங்கே நியாயம். பசையும் அந்தச் சூட்டைத் தாங்குவதாக இருக்க வேண்டும். சாதாரண ஸ்பிரே பசை ஒரு சித்திரையிலேயே விட்டுப்போய், உள் பலகைக்குப் பின்னால் ஃபோம் சரிந்து கிடக்கும்.

ஈரமும் திசை மாறும். சென்னையில் புழுக்கமான நாள்களில் வெளிக்காற்றின் பனிநிலை 25 டிகிரியை ஒட்டி இருக்கும். ஏசி போட்டு உள்ளே 23 டிகிரி வைத்தால், வெளிக்காற்று எங்கே கசிந்து நுழைகிறதோ அங்கே குளிர்ந்த உள் பலகையின் பின்புறத்தில் நீர் படியும். ஐரோப்பியக் குளிரில் ஆவியைச் சிறைவைத்த அதே எஃகுத் தகடு, இங்கே வெளி ஈரத்தை முழுவதுமாகத் தடுத்துக் காக்கிறது. அதில் உள்ள துளைகளையும் இணைப்புகளையும் மட்டும் அடைத்தால் போதும். ஏசி இல்லாத இரவுகளில் ஃபோம் எதுவும் குளிர்ச்சியை உண்டாக்கித் தராது. கூரையில் காற்றை வெளியே இழுக்கும் மின்விசிறியும், எதிர்ப்பக்கம் கீழே வலையடித்த ஜன்னலும் சேர்ந்துதான் உறங்கவிடும்.

கடைசியாக, தீ. வண்டிக்குள் வைக்கும் பொருள்களுக்கு அமெரிக்காவில் 1972 முதல் நடப்பிலுள்ள எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 302 விதி, தீ நிமிடத்துக்கு 102 மி.மீ.க்கு மேல் பரவக் கூடாது என்கிறது. பல விளம்பரங்கள் இந்தச் சான்றைப் பெருமையாகக் காட்டுகின்றன. அந்தச் சோதனையில் பொருளைக் கிடைமட்டமாக வைத்தே எரிக்கிறார்கள்; வேனின் சுவரோ செங்குத்தானது, தீ மேல்நோக்கி ஓடும். ஆகவே வாங்கும் பொருளுக்குக் கட்டடத்துக்கான தீத்தரச் சான்றும் உண்டா என்று கேட்டுப் பெற வேண்டும். அடுப்புக்கும் ஹீட்டரின் புகைக்குழாய்க்கும் அருகில் ஃபோமை விட்டு ராக் வூலைப் பயன்படுத்த வேண்டும், அது எரியாது. தரைமட்டத்தில் கேஸ் கசிந்தால் வெளியேறும் துளையும், தகட்டின் அடிமடிப்பிலுள்ள வடிகால் துளைகளும் எங்கே இருக்கின்றன என்று வேலை தொடங்குமுன் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஃபோமும் ப்ளைவுட்டும் ஏறிய பிறகு அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பது முடியாத காரியம்.